பூக்காத செடியும் நாமும்

இன்று காலை பெரணி இலையின் அடியிலிருந்த பழுப்புத் தூள் என் கையில் ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூர் பூன் லேயில் நாம் சேர்ந்து வாங்கிய வீட்டின் வாசலில் நீ வைத்த தொட்டி அது. நீ போன பிறகும் வாட்டமில்லாமல் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதன்முதலில் அந்தத் தூளைப் பூச்சி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அதோட பிள்ளைங்களையெல்லாம் துடைச்சிட்டியேடி” என்றாய். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது, இந்தத் தூளிலிருந்துதான் முளைக்கும் என்றாய்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் மாதா கோயில் பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள். நீ பெரணியைக் கொண்டுபோய் வைப்பாய். ஒருமுறை பீடத்தை அலங்கரிக்கும் சோடனைக் குழுத் தலைவி தடுத்தார். பள்ளியில் உயிரியல் நடத்துகிற வாய் சும்மா இருக்குமா? இது பூச்செடி இனமே இல்லை என்று ஆரம்பித்தாய். அப்படியானால் பாசியா என்று அவர் கேட்டார். பாசிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் இல்லை, இதற்கு உண்டு என்றாய். “பாசிக்கு மேல, பூச்செடிக்குக் கீழன்னு படி கட்டாதீங்க. இது தனிக் கிளை.” அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பெரணி பீடத்திலேயே இருந்தது.

போன தவக்காலத்தில் உன் மூளையில் ரத்தம் கசிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே தாதி தன்மையாகத்தான் கேட்டார், நீங்கள் என்ன உறவு என்று. சகோதரியா, மச்சினியா? இல்லை, தோழி என்றேன்.

“சாரி ஆன்ட்டி, ஃபேமிலி மட்டும்தான் லா.”

கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப்பார்க்காத உன் அண்ணன் மகன் செம்பவாங்கிலிருந்து வந்தான். அவனை விட்டார்கள். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். திரும்பி வந்தவன், “போயிட்டாங்க ஆன்ட்டி” என்றான். என்னைத் தேடினாளா என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தானாம், கவனிக்கவில்லையாம். பாவி.

ஊரிலுள்ள செடிக்கெல்லாம் இடம் சொன்னாய். நாம் ஒருவருக்கொருவர் யார் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டாயேடி. அந்தக் கதவு என் தூக்கத்தைத் தின்கிறது.

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். என்ன உறவு என்றார்கள். குடும்பம் என்றேன். நம்பர் கேட்டார்கள். உன் நம்பரைச் சொன்னேன். எனக்கு வேறு எந்த நம்பரும் மனப்பாடமில்லை.