இரண்டாவது பிடி அரிசி

பசுமலை,
ஆகஸ்டு 1942

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் சுகிர்தம் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதிகளின் முகாமில்தான் இப்போது எனக்கு நர்ஸ் வேலை. அங்கே அன்னபாக்கியம் அக்கா இருக்கிறார். ரங்கூனில் விழுந்த ஜப்பான் குண்டுக்கு மகனைப் பறிகொடுத்தவர். நம் அம்மாவைப் போலவே, உலையில் அரிசி போடுமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். நேற்று இரண்டாவது பிடியும் எடுத்தார். மறந்துவிட்டார் போலும் என்று, "போட்டாச்சேக்கா" என்றேன்.

"இது குண்டு போட்டவனோட ஆத்தா பேருல தாயி. அவளும் மகனைக் காணாமத் தவிச்சுக்கிட்டுத்தான இருப்பா?" என்றவர், அடுப்பை ஊதக் குனிந்துவிட்டார். அவருக்கே அரைவயிறுதான் அப்பா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவின் பழைய சேலையொன்று கொடுத்தனுப்புங்கள், அக்காவுக்குப் போர்த்திக்கொள்ள. பட்டாளத்துக்குப் போன தம்பி சாமுவேலிடமிருந்து இன்னும் தகவல் இல்லையா?

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். அம்மாவையும் இரண்டாவது பிடி எடுக்கச் சொல்லுங்கள். சண்டையின் அந்தப் பக்கத்தில் எவளோ ஒருத்தி நம் தம்பிக்காக எடுத்துக்கொண்டிருப்பாள்.

சுகிர்தம்