ஐந்தரை மணி லாரி

1936 டிசம்பர் 7, திங்கள்

ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி பொய் சொல்கிறார். லாரி டிரைவர் வீரையா அண்ணன் டீசல் திருடவில்லை.

மழை, நாலாவது நாளாக. விடியும்போது பல் கிட்டும் குளிர். லாரி இன்றும் நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஐந்தரைக்குப் போக வேண்டியது ஏழே காலுக்குப் போனது. தோட்டத்தின் மேல் டிவிஷன் ஐந்து மைல் தூரம். ரப்பர் பால் வெட்டுக்கு ஏறி உட்கார்ந்த நாற்பது பேரும் இறங்கித் தள்ளினார்கள். பாதிப் பேர் பெண்கள். கணுக்கால் வரை சேறு. பொழுது ஏறிய பிறகு வெட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் செக்ரோலில் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. வண்டி படுத்துக்கொண்டதற்கு வண்டி தள்ளியவர்களுக்குத் தண்டனை. நல்ல நியாயம்.

தள்ளும்போது அங்கம்மா அக்கா என்னிடம்: "டேய் அந்தோணி, நீதானே பெரிய பிட்டரு? இந்த எருமைக்கு ஒரு மூக்கணாங்கயிறு போடேன், இழுத்துட்டே போயிருவோம்."

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கிராணி: "டிரைவர் டீசலை வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துறான். அதான் வண்டி இருமுது."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிராணி தமிழில் சொன்னார்: "துரை ஊர்ல பனிக்கட்டியில நிக்கிற லாரிகூட கிளம்புதாம். இங்க என்னடா குளிரு? சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வீரையாவுக்கு இருபத்து நாலு மணி நேர நோட்டீசு."

நோட்டீசு என்றால் வேலை மட்டும் போகாது. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் மறுநாள் காலி செய்ய வேண்டும். அண்ணன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

அண்ணன் தலை குனிந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மேலும் கோபம் எனக்கு.

ரப்பர் பாலைத் தகடாக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்க்கும் பிட்டரான நான் இனி லாரியையும் பார்க்க வேண்டுமாம். உத்தரவு. பார்க்கிறேன். யார் பொய்யர் என்று காட்டுகிறேன்.

சந்தேகங்கள்:
டீசலில் தண்ணீர்.
குழாயில் காற்று.
சூட்டுக் கம்பிகள்.
பேட்டரி. (ஜூன் மாதம் லாரியோடு வந்தது. புதுசு. விட்டுவிடலாம்.)

சோப்பு வாங்க வேண்டும். சட்டையில் எண்ணெய் போகவில்லை.

டிசம்பர் 8, செவ்வாய்

மழை. லாரி ஆறே முக்காலுக்குக் கிளம்பியது. தள்ளித்தான்.

டீசல் பீப்பாய்களைப் பார்த்தேன். வெட்டவெளியில், நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். மூடியைச் சுற்றித் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. திருகு மூடி வழியாக உள்ளே இறங்காமல் என்ன செய்யும்? அடியிலிருந்து உறிஞ்சி எடுத்தேன். அரைக் குவளை தண்ணீர்! ஸ்டோருக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் காட்டினேன். மண்ணெண்ணெய் வாசம் கொஞ்சமும் இல்லை.

நானும் அண்ணனும் பீப்பாய்களைப் படுக்க வைத்தோம். டீசல் முழுவதையும் பழைய சேலைத் துணியில் வடிகட்டினோம். டாங்கியைக் கழுவினோம். குழாயில் இருந்த காற்றையும் வெளியேற்றினேன். கை முழுக்கப் புண்.

"நாளைக்கு ஒரே அடியில கிளம்பும், பாருங்கண்ணே" என்றேன்.

"கிளம்பட்டும் தம்பி" என்றார். சந்தோஷமே இல்லாத குரல்.

டிசம்பர் 9, புதன்

கிளம்பவில்லை.

கிராணி குடையின் கீழ் நின்று சிரித்தார். "என்ன பிட்டரே, தண்ணியெல்லாம் வடிச்சாச்சா? இனி சோறு வடிக்கப் போறியா?"

நாற்பது பேரும் மறுபடி சேற்றில். ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். முழங்கையில் இரத்தம். வேலை வாங்கும் தண்டல் அவளைத்தான் திட்டினான்.

ஆனால் இன்று ஒன்றைக் கவனித்தேன். எழுதி வைக்கிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே நசுங்கும் காற்றின் சூட்டில்தான் எண்ணெய் பற்றுகிறது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூடு போதாது. அதற்குத்தான் நாலு சூட்டுக் கம்பிகள். பேட்டரி அவற்றைச் சுட வைக்கும். டிரைவர் முன்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அது சிவந்தால் உள்ளே நாலும் சிவந்துவிட்டன என்று அர்த்தம்.

விடிகாலையில் அந்தக் கம்பி சிவக்கவில்லை. மங்கலாக, அணையும் சுருட்டு முனை மாதிரி. ஸ்டார்ட்டரும் இழுத்து இழுத்துச் சுற்றியது.

மத்தியானம் லாரி திரும்பியதும் மறுபடி பார்த்தேன். பளீரென்று சிவப்பு. நாலு கம்பியையும் கழற்றிப் பார்த்தேன். நாலும் நல்லவை. மத்தியானம் சிவக்கிற கம்பி விடிகாலையில் ஏன் சிவக்கவில்லை? குளிரா? இல்லை. இந்தக் குளிருக்குக் கம்பி பயப்படாது.

மாலை, ஸ்டோர் வேலை முடிந்து ஆறரைக்கு லாரிக் கொட்டகைக்குப் போனேன். பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன்.

காலி.

டிசம்பர் 10, வியாழன்

தூறல். லாரி ஏழுக்கு.

அண்ணனைக் கொட்டகைக்குப் பின்னால் மடக்கினேன்.

"பேட்டரி எங்கண்ணே?"

"எந்த பேட்டரி?"

"அண்ணே."

சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு: "தினம் நாலரைக்குக் கழட்டிக் குடுக்கணும். கிராணி உத்தரவு. பங்களாவுல பூச்செடி பாக்குற ராமன் தள்ளுவண்டியில கொண்டுபோவான். காலையில அஞ்சு மணிக்குத் திரும்பக் கொண்டாருவான்."

"எதுக்கு?"

"துரை வீட்டு ரேடியோவுக்கு."

லாரி ஓடும்போது பகலில் ஏறுகிற சக்தி எல்லாம் ராத்திரி பங்களாவில் பாட்டாகவும் பேச்சாகவும் போகிறது. மிச்சம் மீதி காலையில் எங்களுக்கு. ரேடியோ வந்தது நவம்பரில். மழை வந்ததும் நவம்பரில். எல்லோரும் மழையைத் திட்டினோம். நானும்தான். "புதுசு, விட்டுவிடலாம்" என்று எழுதிய கை இது.

இந்த வாரம் இன்னும் மோசமாம். சீமையில் ராஜாவுக்கு ஏதோ பெரிய சிக்கல், பட்டம் நிற்குமா நிற்காதா என்று தெரியவில்லையாம். துரை ரேடியோவை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்று ராமன் சொன்னாராம்.

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட? துரைகிட்ட போயி, தொரை, உங்க ரேடியோவாலதான்னு சொல்லவா? தம்பி, பங்களாவுக்கு ஏறிப் போன சாமானப் பத்தி இங்க யாரும் வாயத் தெறக்கறதில்ல. கோழி போனாலும் சரி, ஆளு போனாலும் சரி. நீ புதுசு."

"உங்கள திருடன்னு சொல்றாங்கண்ணே!"

"சொல்லட்டும். திருடன்னு சொன்னா வேலை போகும். துரையச் சொன்னா வேற எஸ்டேட்டுலயும் வேலை கிடைக்காது."

இந்தப் பயத்தில்தான் இத்தனை பெரிய தோட்டமே ஓடுகிறது. டீசலில் இல்லை.

நாலரைக்கு ராமன் தள்ளுவண்டியோடு வந்தார். அண்ணனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நானே நின்றேன். "பேட்டரியில ஆசிட் ஒழுகுது. தூக்குனா கை வெந்துரும். இன்னிக்கு வேணாம்" என்றேன். பச்சைப் பொய். ராமன் பயந்து வெறும் வண்டியோடு போனார்.

பொய்க்குப் பதில் பொய். வெட்கம் இல்லை.

டிசம்பர் 11, வெள்ளி

ஒரே அடியில் கிளம்பியது! ஐந்தரைக்கு! மழையிலும் குளிரிலும்! கம்பி கண் கூசும்படி சிவந்தது. அரை நிமிஷம், ஸ்டார்ட்டர், ஒரு உறுமல். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் நம்பாமல் இறங்கத் தயாராக இருந்தார்கள். அங்கம்மா அக்கா மலாய்க்காரி மாதிரிக் கத்தியது: "அலமாக்! எருமைக்கு உயிர் வந்துருச்சுடீ!" எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அண்ணன் முகத்தில்கூடச் சிரிப்பு. முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

எட்டு மணிக்கு ஆபீஸ் போனேன். கிராணியிடம் நிதானமாகச் சொன்னேன். டீசல் சுத்தம். டிரைவர் சுத்தம். பேட்டரி ராத்திரி வண்டியில் இருந்தால் வண்டி கிளம்பும். இன்று கிளம்பியதே சாட்சி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஆசிட் ஒழுகல?"

"ஒழுகல."

"ராத்திரி துரை எப்படிக் கத்துனாரு தெரியுமா? ஒரு சேதியும் கேக்க முடியல அவருக்கு."

"லாரி பேட்டரிங்க அது."

"லாரி பேட்டரின்னு யாரு சொன்னா? அது பங்களா பேட்டரி. பகல்ல லாரிக்குக் குடுத்து வச்சிருக்கோம்."

இதைச் சிரிக்காமல் சொன்னார். ஒரே ராத்திரியில் பேட்டரிக்குச் சொந்தக்காரர் மாறிவிட்டார்.

நாலரைக்குப் பேட்டரி போயிற்று. ராமனோடு தண்டலும் காவலுக்கு வந்தான்.

டிசம்பர் 12, சனி

ஐந்து மணிக்குப் பேட்டரி வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. நாற்பது பேர் மழையில் லாரி மேல். நான் பங்களா கேட் வரை ஓடினேன். ராமன் கேட்டடியில் தள்ளுவண்டியோடு நனைந்துகொண்டு நின்றார். "சீமையில ராஜா பேசப் போறாராம். பட்டத்த விட்டுட்டாராம். தொரை கேட்டுக்கிட்டு இருக்காரு. நடுவுல எப்படிப் புடுங்குறது?"

ராஜாவே வேலையை விட்டுவிட்டார். அவருக்கு இருபத்து நாலு மணி நேர நோட்டீசு யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

பேட்டரி ஆறே காலுக்கு வந்தது. செத்த பேட்டரி. கம்பி கறுப்பாகவே இருந்தது. சரிவில் மூன்று தடவை தள்ளியும் பற்றவில்லை. கடைசியில் எல்லோரும் நடந்தே போனார்கள், ஐந்து மைல்.

பத்து மணிக்கு அண்ணனுக்கு நோட்டீசு. காரணம் டீசல் இல்லை. "பங்களா பேட்டரியை அனுமதியில்லாமல் நிறுத்தி வைத்தது."

ஆபீஸில் கிராணியிடம் சொன்னேன்: "நிறுத்துனது அவர் இல்ல. நான். ராமனைக் கேளுங்க."

"உன்ன யாரும் கேக்கல. போயி ஸ்டோர் மிஷினப் பாரு."

"செஞ்சவன் நான். என் பேர எழுதுங்க."

"உன்ன அனுப்பிட்டா மிஷினு யாரு ஓட்டுவா? டிரைவர் நாளைக்கே கிடைப்பான்." கதவைக் காட்டினார்.

இதுதான் கணக்கு. குற்றம் யார் செய்தது என்பது இல்லை. யார் இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதுதான்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றார் அண்ணன். அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததுதான் சரி. அண்ணனைக் கேட்டா நான் பேட்டரியை நிறுத்தினேன்? கேட்காமல் அவர் தலையை வைத்து விளையாடியவன் நான். பந்தயம் வைத்தது என் தலையை இல்லை.

அதை மாற்றலாம்.

டிசம்பர் 13, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. ஆபீஸ் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்பது. அண்ணன் வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒரு மணி நேரம்.

நேற்றைய பால் உறைந்து தொட்டிகளில் கிடக்கிறது. காலையில் ரோலரில் போட்டே ஆகவேண்டும். விட்டால் நாறிவிடும். ரோலருக்கு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சினைச் சுற்றிவிடும் கைப்பிடி என் மடியில் இருக்கிறது. தோட்டத்தில் வேறு கைப்பிடி இல்லை.

ஸ்டோர் ஆட்கள் வேலைக்கு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். யாரும் என்னோடு வந்து உட்காரவில்லை. யாரும் போய்விடவும் இல்லை.

கிராணி வந்தார். "அந்தோணி, குடுத்துரு. மன்னிச்சுடுறேன்." கொடுக்கவில்லை. பங்களாவுக்கு ஓடினார்.

ஒன்பதரை. துரை வந்துவிட்டார். சவரம் செய்யவில்லை, கண் சிவந்திருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியும், நம்மிடம்தான் தெரியாத மாதிரி நடிப்பார். கிராணியைப் பார்க்காமல் அவரிடமே சொன்னேன். எழுந்துதான் சொன்னேன்.

"தொரை, வீரையா அண்ணன் நோட்டீசக் கிழிங்க. அதுல என் பேர எழுதுங்க. பேட்டரி இன்னிக்கு ராத்திரி லாரியிலயே இருக்கணும்."

துரை கைப்பிடியைப் பார்க்கிறார். கிராணி தரையைப் பார்க்கிறார். இரண்டாம் தடவை சொன்னேன். பத்தாக ஐந்து நிமிஷம். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டேன்:

"கிழிப்பீங்களா, மாட்டீங்களா?"