நெற்றிக்குப் போன கை

"சேஞ்ச் பண்ணிட்டு வாங்கோ" என்று தாதி நீல அங்கியை நீட்டினாள். ஸ்கேன் எடுக்குமுன் உடுப்பு மாற்றச் சொன்னாள், அவ்வளவுதான். என் கையோ நேரே நெற்றிக்குப் போய்ப் பொட்டைப் பிய்த்தது. இத்தனை வருடம் கழித்தும்! நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன கிழமை டாக்டரும் அதே சொல்லைத்தான் சொன்னார். பழைய படத்தோடு ஒப்பிட்டால் மார்பில் ஒரு சேஞ்ச் தெரிகிறதாம், இன்னொருமுறை பார்க்கவேண்டுமாம். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பயமாயிருக்கிறதடி.

அந்தச் சொல்லை நீதான் பிடித்துத் தந்தாய். சண்டைக்காலத்துக் கொழும்பு. கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுவோம். சோதனைச் சாவடி தெரிந்ததும் மெல்ல "சேஞ்ச்" என்பாய். தமிழர் என்று தெரியாமலிருக்க நான் பொட்டை எடுப்பேன், நம் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவும். ஏன் இந்தச் சொல் என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்டக்டரிட்ட மிச்சக்காசு கேக்கிறவனும் இதைத்தான் சொல்லுறான், வேற பஸ் பிடிக்கிறவனும் இதைத்தான் சொல்லுறான். ஆர் திரும்பிப் பாக்கப்போயினம்?" என்றாய்.

கெட்டிக்காரிதான். ஆனால் அடையாள அட்டையில் பெயரும் பிறந்த இடமும் பல்லை இளித்துக்கொண்டிருக்க, பொட்டை மட்டும் ஒளித்து என்ன பயன் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. பயந்தவளுக்கு மூளை எங்கே வேலை செய்யும்?

ஒருநாள் சாவடியில், அவசரத்தில் பிய்த்த பொட்டு கையிலிருந்த அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. சிப்பாய் அட்டையைத் திருப்பினான். பிறந்த இடத்துக்கு மேலேயே சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. நகத்தால் சுரண்டினான், அடியில் யாழ்ப்பாணம் வந்தது. என் நெற்றியைப் பார்த்தான். இறங்கு என்று சிங்களத்தில் சொன்னான். உன் அட்டையை அவன் முன்னமே பார்த்துத் திருப்பித் தந்திருந்தான். நீ கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், சிங்களம் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பேசாமல் இருந்திருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாய்.

"நானும் இறங்குறன்."

இரண்டு மணித்தியாலம் தெருவோரம் நின்றோம். அவர்கள் போகச் சொல்லும்வரை நீ என் கையை விடவில்லை.

நான் உனக்கு என்ன செய்தேன்? போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் வார்ட்டு வாசல்வரை வந்தேன். அம்மா ஆளே மாறிப்போனா என்று உன் மகள் அழுதாள். அதைப் பார்க்கப் பயந்து, பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நீ கண்மூடும்வரை உள்ளே வரவேயில்லை. இந்தமுறை உன்னை இறக்கினார்கள், நான் பஸ்ஸுக்குள்ளேயே இருந்துவிட்டேன். மன்னிப்பு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

இன்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில். பொட்டு இன்னும் விரல்நுனியில்தான் இருந்தது. திரும்ப நெற்றியில் வைத்தேன். துணைக்கு ஆரும் வந்திருக்கிறார்களா என்று தாதி கேட்டாள்.

"ஓம்" என்றேன். படியிறங்கினேன்.