மாடிக்கு வாங்கிய பைப்புகள்

அன்புள்ள உங்களுக்கு,

இப்போது எல்லோரும் நலம். நேற்றுதானே ஃபோனில் பேசினோம், எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் 'சரி சரி, பாத்துக்கலாம்' என்பீர்கள். அதற்குள் உங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

முதலில் திட்டு வாங்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாடி பாத்ரூமுக்காக நீங்கள் வாங்கிப் போட்டுவிட்டுப் போன பிவிசி பைப்புகளை வெட்டிவிட்டேன். ஒன்றிரண்டு இல்லை, எல்லாவற்றையும்.

அடுத்தது, உங்களிடம் மறைத்தது. மாமா போன மாதம் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சுவிடச் சிரமப்பட்டார். 'அவன்கிட்ட சொல்லாதம்மா, அங்க தனியா உக்காந்து தவிப்பான்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என்மேல் கோபம் வந்தால் நியாயம்தான்.

தினமும் கொஞ்ச நேரம் காற்றோட்டமாக வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். நம் வீட்டு நாற்காலிகள் எல்லாம் தாழ்வு. உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அந்தக் கூச்சத்தில் மாமா கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

பின்பக்கம் துணி காயப்போடும்போதுதான் பைப்புகள் கண்ணில் பட்டன. இதிலேயே உயரமாக ஒரு நாற்காலி செய்தால் என்ன என்று தோன்றியது. தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுண்டிப் பார்த்தார். 'மேல கெடந்ததெல்லாம் வெயில்ல காஞ்சு மொறுமொறுன்னு ஆயிடுச்சு, தண்ணிக்கு இனிமே தாங்காது. அடியில இருக்கறது நல்லாருக்கு. இன்னும் ஒரு வருஷம் கெடந்தா அதுவும் இப்படித்தான்' என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர் கடையிலேயே ரம்பம், மூலைகளில் பைப்பை இணைக்கிற எல்போ, பசை எல்லாம் வாங்கிவந்தேன். கெட்டுப்போனதை வெட்டிப் பழகினேன்.

நாளெல்லாம் துணி வெட்டித் தைக்கிறவளுக்கு இந்த பைப் எம்மாத்திரம் என்று நினைத்தேன். மூக்கறுபட்டதுதான் மிச்சம். தையலுக்குத் துணி விடுகிற மாதிரி, எல்போவுக்குள் போய் உட்காரும் பகுதிக்கும் ஒரு அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். நான் விடவில்லை. உயரம் குறைந்துவிடுமே என்று கால்களைப் பாதி மட்டும் சொருகி ஒட்டினேன். மாமா உட்கார்ந்ததும் ஒரு கால் கழன்று, அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே, 'ஏம்மா, டாக்டருங்க பாடுபட்டுக் காப்பாத்தினத நீ ஒரே நாள்ல கெடுத்துடுவ போலிருக்கே' என்றார். நம் வாலு சிரித்துவிட்டாள். பேத்தி சிரித்ததும் அவரும் சிரித்தார். நான்தான் அழுதேன்.

இரண்டாவதற்கு அவரை நிற்கவைத்து, முட்டியிலிருந்து தரைவரை ஒழுங்காக அளவெடுத்தேன். இருக்கையை நான்கு விரல் உயர்த்தி, கால்களுக்குக் குறுக்கே பைப் கொடுத்து, நைலான் பட்டை பின்னினேன். பசை காய ஒரு நாள் விட்டு, முதலில் நானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். பிறகு மாமா உட்கார்ந்தார். கைப்பிடியை அழுத்தி, யாரும் தொடாமல் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். திரும்ப எழுந்தார். 'போதும் தாத்தா' என்று வாலு சொல்லும்வரை விடவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலமானால் பின்பக்கம்தான். நேற்று தானாகவே கேட்வரை நடந்துவிட்டு வந்தார்.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறார்கள், மாடி முடிந்துவிடும் என்றீர்கள். மாடி யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சண்டையாகும். மாமாவால் படி ஏற முடியாது. வாலு தனியாகப் படுக்கப் பயப்படுகிறாள். கீழே இருக்கிற இரண்டு அறையிலேயே ஓர் ஆள் குறைகிறது. புது பைப் வாங்கப் பணம் அனுப்ப வேண்டாம்.

மாமா உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

எனக்கும் வாலுவுக்கும் ஆளுக்கொரு நாற்காலி முடிந்துவிட்டது. உங்களுடையதைப் பசை போடாமல் சும்மா சொருகி வைத்திருக்கிறேன். என் நோட்டில் உள்ள உங்கள் அளவு மூன்று வருஷம் பழையது. படத்தில் பார்த்தால் இளைத்துப்போயிருக்கிறீர்கள். அளவை எழுதி அனுப்பாதீர்கள். ஆளை நிற்கவைத்து எடுத்தால்தான் எனக்குச் சரிவரும்.

என்றும் உங்கள்,
மனைவி