கறுக்காத தண்ணி

இஞ்சருங்கோ,

முகத்தைப் பாத்துக் கேட்டால் கத்திப்போடுவன். அதாலைதான் இதை எழுதி, பேஸ்மென்ரிலை உங்கட துவக்குப் பெட்டிக்கு மேலை வைக்கிறன்.

முந்தி மான் வேட்டைக்கு நவம்பரிலை ஒரு கிழமைதானே போனியள்? பிறகு, குழல் வாயாலை வெடிமருந்து போட்டு இடிக்கிற துவக்குக்காரருக்கு மட்டும் டிசம்பரிலை அரசாங்கம் இன்னொரு கிழமை விட்டிருக்கெண்டு சொல்லி, அந்தப் பழைய மாதிரித் துவக்கை வாங்கினியள். நான் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த வருசமே உங்கட வேலையிடத்துக் கஜனியும் அதே மாதிரி ஒண்டு வாங்கினா. அண்டையிலையிருந்து டிசம்பர் வேட்டைக்கு ரெண்டுபேரும் ஒண்டாத்தான் போறியள்.

"ஒரு வெடிதான், அதாலை பொறுமையாக் காத்திருக்கவேணும்" எண்டு அவவுக்குச் சொல்லிக் குடுத்தியளாம். மோர்னிங்சைட் பிளாசாவிலை நான் சாமான் வாங்கி வருமட்டும் அஞ்சு நிமிசம் காரிலை இருக்கமாட்டியள்!

இந்தமுறையும் வெறுங்கையோடை வந்து, "மூண்டு வெடி வைச்சன், மூண்டும் தவறிப்போச்சு" எண்டுபோட்டுப் படுத்திட்டியள். வெடி வைச்ச குழலை உடனை கழுவாட்டில் துருப்பிடிச்சுப்போமெண்டு நான்தான் சுடுதண்ணி ஊத்தினன். மற்ற வருசங்களிலை வெடிமருந்துக் கரியாய் ஓடுற தண்ணி, இந்தமுறை குடிக்கிற தண்ணி மாதிரி வந்தது. அங்கையே கழுவினனான் எண்டு சொல்லாதேங்கோ. நான் வைச்சுவிட்ட துடைக்கிற துணியள் மடிச்சபடியே கிடக்கு.

கஜனியின்ரை துவக்கும் அவ்வளவு துப்பரவோ எண்டு நான் கேக்கேல்லை.

அடுத்த டிசம்பரும் போறதெண்டால், அங்கையிருந்து வெளிக்கிட முதல் மண்ணிலையாவது ஒரு வெடி வைச்சுப்போட்டு வாங்கோ. நம்புறதுக்கு எனக்குக் கொஞ்சம் கரியாவது வேணும்.

உங்களுக்கு இண்டைக்கும் சாப்பாடு கட்டித் தந்துவிட்ட,
நான்