டேங்க் காயும்வரை

18 அக்டோபர் 2024, வெள்ளி

மாரிக்கண்ணன் அண்ணாச்சியின் புல்லட் டேங்கும் மட்கார்டுகளும் இன்றைக்கும் காயவில்லை. திங்கட்கிழமை அடித்தது. தொட்டால் பிசுபிசுக்கிறது.

சவூதியில், தம்மாமில் இதே கையால் எத்தனை கார்களுக்குப் பெயிண்ட் அடித்திருப்பேன். அங்கே சூட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் கல்லாக இறுகியிருக்கும். இங்கே சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, வெளியே ஐப்பசி மழை. சூட்டறைக்கு எங்கே போக?

கடை திறந்தபின் வந்த முதல் பெரிய வேலை இது. அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். அவர் வாயில் விழுந்தது மார்க்கெட் முழுக்கப் போய்விடும், நல்லதானாலும் கெட்டதானாலும். இந்த வேலை சரியாக வந்தால்தான் கடை நிலைக்கும். கடை நிலைக்காவிட்டால் மறுபடி விமானம்தான்.

என் நீலப் பெட்டி இன்னும் பீரோ மேலேயே கிடக்கிறது. ஊருக்கு வந்த நாளில் அதன் கைப்பிடியில் கட்டியிருந்த ஏர்போர்ட் சீட்டைக்கூட நான் கிழிக்கவில்லை. ஏன் என்று என் மனைவி ஷஹீரா கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன்?

21 அக்டோபர், திங்கள்

டேங்கின் பக்கவாட்டில் ஒரு பெருவிரல் ரேகை. பத்திர ஆபீசில் உருட்டி வைத்தது போல அத்தனை தெளிவு. கொட்டகைக்கு சோறு கொண்டு வருகிறவள் ஷஹீரா ஒருத்திதான்.

"காஞ்சிருச்சான்னு பாத்தேன் மச்சான்" என்றாள்.

கத்திவிட்டேன். பக்கத்து மஜீது மாமா தறிக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரமாகியும் காயாதது என் தப்பு. அவள் விரல் என்ன செய்யும்? சே.

எல்லாவற்றையும் தேய்த்து எடுக்கப் போகிறேன். வெறும் தகரத்திலிருந்து மறுபடி.

26 அக்டோபர், சனி

மழை விட்டு சுள்ளென்று வெயில். விடுவேனா. அடித்த கையோடு டேங்கைத் தூக்கிக் கூரைத் தகரத்தின்மேல் வைத்தேன். சாயங்காலம் இறக்கினால் மேலே மட்டும் பாலாடை கட்டியிருக்கிறது. அடியில் ஈரம் அப்படியே. பெயிண்டை இளக்க ஊற்றிய தின்னர் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியேற வழியில்லாமல் ஊசிமுனைக் கொப்புளங்களாகப் பொங்கியிருக்கிறது. தம்மாமிலேகூட அடித்த உடனே சூட்டுக்குள் தள்ளமாட்டோம், தின்னர் பறக்கும்வரை ஆறப்போட்டுத்தான் தள்ளுவோம். தெரிந்தேதான் செய்தேன். அவசரம்.

போதாததற்கு மஜீது மாமாவின் விசைத்தறியிலிருந்து பறந்து வந்த பஞ்சு வேறு. மட்கார்டுக்கு மீசை முளைத்திருக்கிறது.

மறுபடி தேய்க்க வேண்டும். தேய்ப்பேன்.

30 அக்டோபர், புதன்

நாளைக்கு தீபாவளி. அண்ணாச்சி தன் மச்சினரின் வண்டியில் வந்து இறங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

"கபீர் பாய், ஒம்ம கைவேலையப் பத்தி நாந்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். என்னையப் பொய்யனாக்கிராதிரும்வே."

கார்த்திகை ஒன்றாம் தேதி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் தயாராக இல்லாவிட்டால், அதற்கப்புறம் என் கடைப்பக்கமே வரமாட்டார்.

2 நவம்பர், சனி

அங்கே என்கூட வேலை பார்த்த நியாஸ் அகமது தம்மாமிலிருந்து வீடியோவில் வந்தான். கம்பெனியில் என்னைத் திரும்பக் கேட்கிறார்களாம், விசா தயார், இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். ஷஹீரா பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பீரோ மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பேச்சை மாற்றத்தான் டேங்க் கதையை எடுத்தேன்.

"என்ன தின்னர்லே ஊத்துத?" என்று கேட்டான்.

"ஸ்லோதான், எப்பவும் போல."

நியாஸ் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. "ஏலே கோட்டிக்காரா, அங்கன என்ன தம்மாம் வெயிலா அடிக்கி? அடைமழையில ஸ்லோ தின்னர ஊத்துனா அடுத்த சித்திரைக்குத்தாம்லே காயும்."

தலையில் அடித்துக்கொண்டேன். தம்மாம் வெயிலில் மெதுவாகப் பறக்கும் தின்னர் இல்லையென்றால் ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து வரும் பெயிண்ட் தகரத்தைத் தொடுமுன்பே தூளாகிவிடும். அதனால் அங்கே வருடக்கணக்காக அதைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. திருநெல்வேலி கடைக்காரர் ஸ்லோவா ஃபாஸ்ட்டா என்று கேட்கத்தான் செய்தார். பெரிய மேஸ்திரி மாதிரி ஸ்லோ என்று சொல்லி வாங்கிவந்தது நான்தான். ஆள் ஊருக்கு வந்து எத்தனையோ மாதமாகிறது. கை இன்னும் வந்து சேரவில்லை.

4 நவம்பர், திங்கள்

திருநெல்வேலிக்குப் போய் ஃபாஸ்ட் தின்னர் வாங்கிவந்தேன். பஸ்ஸெல்லாம் மழை ஒழுகல்.

5 நவம்பர், செவ்வாய்

தின்னர் மாற்றினால் மட்டும் போதாது. இந்த ஈரக்காற்றில் பெயிண்ட் உள்ளே வரை இறுக இளஞ்சூடு வேண்டும். ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி கிடைத்தால் அடியில் குண்டு பல்புகளைப் போட்டு நானே ஒரு சூட்டறை செய்துவிடுவேன். சாப்பிடும்போது ஷஹீராவிடம் சும்மா புலம்பினேன். புலம்பும்போது என் கண் பீரோ பக்கம் போயிருக்க வேண்டும். அந்த இரும்பு பீரோ கல்யாணத்தின்போது அவள் அத்தா மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. கேட்க வாய் வரவில்லை.

6 நவம்பர், புதன்

வீட்டுக்கு வந்தால் பீரோ காலி. தட்டுகளைக்கூடக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறாள். மேலே கிடந்த பெட்டியையும் எங்கேயோ ஒதுக்கிவிட்டாள்.

"கொட்டகைக்கு எடுத்துட்டுப் போங்க மச்சான்."

"ஒன் சேலையெல்லாம்?"

"அதுக்கு எடம் இருக்கு. நீங்க டேங்கப் பாருங்க."

மஜீது மாமா தறிக்குப் பாவு நூல் ஏற்றும் தள்ளுவண்டியைக் கொடுத்தார். பீரோவைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும்போது ரோட்டில் ஒருவர் விற்பதற்கா என்று கேட்டார். இல்லை என்றேன்.

8 நவம்பர், வெள்ளி

பஞ்சு பறக்காத நேரம் எது என்று மஜீது மாமாவிடம் கேட்டிருந்தேன். ஜும்மாவுக்குத் தறியை நிறுத்தினால், ஆட்கள் சாப்பிட்டு வந்துதான் ஓட்டுவார்களாம். இன்றைக்கு தொழுகை முடிந்ததும் யாரிடமும் ஸலாம்கூடச் சரியாகச் சொல்லாமல் ஓடிவந்தேன். தறி ஓடாத கொட்டகையில் கம்ப்ரசர் சத்தம் மட்டும். தரையில் தண்ணீர் தெளித்தேன். ஹார்ட்னரை அளந்து ஊற்றினேன், சீக்கிரம் இறுகட்டுமே என்று கூட ஊற்றவில்லை. முதல் கோட் புகை மாதிரி. நிறுத்தம். பளபளப்பு அடங்கியபின் அடுத்தது. மறுபடி நிறுத்தம். கை பரபரத்தது, அடக்கினேன். கடைசிக் கோட் முடிந்து துப்பாக்கியைக் கீழே வைக்கவும் முதல் தறி தடதடக்கவும் சரியாக இருந்தது.

தின்னர் வாடை நன்றாக அடங்கியபின்தான் பீரோவுக்குள் தொங்கவிட்டேன். கதவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அடியில் பொருத்தியிருந்த குண்டு பல்புகளைப் போட்டேன்.

9 நவம்பர், சனி

தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

13 நவம்பர், புதன்

ஷஹீராவை நானே கொட்டகைக்குக் கூப்பிட்டேன். டேங்கைக் காட்டி அமுக்கச் சொன்னேன். தயங்கினாள். பிறகு பெருவிரலை வைத்து, பழைய கோபம் எல்லாம் சேர்த்து அமுக்கினாள். எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

தடம் இல்லை. வெறும் பளபளப்பு. அதில் எங்கள் இரண்டு பேர் முகம்.

16 நவம்பர், சனி

கார்த்திகை ஒன்று. அண்ணாச்சி சொன்னபடி வந்தார், சபரிமலைக்கு மாலை போட்ட கையோடு. வெளுத்துவிடுமோ என்று சந்தேகப்பட்டு டேங்கின்மேல் கொஞ்சம் பெட்ரோலைச் சிந்திப் பார்த்தார். துடைத்தார். மறுபடி தடவினார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சினர் வண்டியை என்றைக்குக் கொண்டுவரலாம் என்று கேட்டார்.

19 நவம்பர், செவ்வாய்

வரவில்லை என்று நியாஸிடம் சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சியாலே?" என்றான். யோசித்தாகிவிட்டது என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

போனை வைத்ததும் முதல் வேலையாக அந்த ஏர்போர்ட் சீட்டைக் கிழித்துவிடலாம் என்று நீலப் பெட்டியைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இருந்தது. இழுத்தால் அசையவில்லை, அவ்வளவு கனம். சீட்டை ஏற்கெனவே யாரோ கிழித்திருந்தார்கள். திறந்தேன். விளிம்புவரை ஷஹீராவின் சேலைகள், மேலாகக் கல்யாணப் பட்டு. என் கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லை.

என்றைக்கு அடுக்கினாய் என்று கேட்டேன்.

"பீரோவக் காலி பண்ணுன அன்னைக்கு" என்றாள்.

அன்றைக்கு நான் டேங்கைத் தேய்த்துத்தான் வைத்திருந்தேன், மறுபடி ஒரு கோட்கூட அடித்திருக்கவில்லை.