அப்பாவுக்கு நீ வாங்கிய பழைய செஸ்

சாந்தோம்
21.11.1999

அன்பு மகன் அல்போன்சுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் இருக்கிறோம், நீயும் மருமகளும் சின்னவள் சான்ட்ராவும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீ அனுப்பிய செஸ் பெட்டியைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை இங்கே இருந்தவர்கள் அப்பா, நான், உன் தங்கை ஐவி, அவள் புருஷன் கிளிஃபர்ட், பூசை முடிந்து அப்படியே வந்த பக்கத்து வீட்டு பிலோமினா, மந்தைவெளியிலிருந்து அப்பாவின் சிநேகிதர் வேதாந்தம். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து, முகம் தெரியாத ஒரு இங்கிலீஷ்காரிக்குப் பணத்தை முன்னாடியே அனுப்பினாய் என்று ஐவி சொன்னபோது எனக்கு நம்பிக்கையே இல்லை, கீரைக்கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்து வாங்குகிறவள் நான். ஆனால் அந்த அம்மாள் நல்லவள். கறுப்புக் குதிரைக்கு ஒரு காது உடைந்திருக்கிறது என்று அவளே முதலில் எழுதிவிட்டாளாம், அந்த ஒரு காதுதான் உடைந்திருந்தது. கரையான் தின்ற நம் பழைய காய்களைவிட இது நல்ல கனம். பக்கவாதம் வந்ததிலிருந்து எதையும் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அவரே அடுக்கினார். இன்னா மாமா, ஒரு கை பாத்துரலாமா என்று கிளிஃபர்ட் சீண்டினதற்கு, போடா, உன்கூட ஆடுறதுக்குத் தாயமே ஆடலாம் என்றார். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்த வாயிலிருந்து ஒரு திட்டு. அழுகை வந்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வேதாந்தத்தோடுதான் ஆடினார். உனக்குத் தெரியும், அந்த மனுஷர் தோற்றால் வெளிச்சம் சரியில்லை, உங்கள் கதவு கிரீச்சென்கிறது என்று ஏதாவது சொல்லி, வைத்த காபியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். முப்பது வருஷமாக அப்படித்தான். அவர் கோபித்துக்கொண்டு போனால்தான் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு ருசிக்கும். எனக்கு ஆட்டம் தெரியாது, காபி தெரியும். அன்றைக்குத் தோற்றுவிட்டு, பிரமாதமா ஆடிட்டேடா நாதா என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே முழுக்கக் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேதாந்தம் போனதும் அப்பா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னார். வேணும்னே தோத்தான்டி, இனிமே எல்லாரும் என்னைப் பச்சப்புள்ளையாட்டம்தான் வச்சுக்குவாங்க என்றார். பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல எண்ணத்துல செஞ்சார், விடும்மா என்கிறாள் ஐவி. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து என் இடுப்பு போய்விட்டது, நான் எப்படி விடுவது.

நீ வருத்தப்படாதே, நீ வாங்கினதில் ஒரு குறையும் இல்லை. சான்ட்ராவைத் தினமும் ஜெபமாலை சொல்ல வை. மாதா உங்களைக் கைவிடமாட்டாள். கிறிஸ்துமசுக்கு ஊரில் எல்லாருக்கும் கார்டு அனுப்புவாயே, இந்த வருஷம் அதில் ஒன்றைக் குறைத்துக்கொள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், நான் மன்னிக்கப்போவதில்லை அந்த வேதாந்தத்தை.

இப்படிக்கு
உன் அம்மா ரோசலின்